செங்கோட்டைப் பக்கம் ஓட்டு வீடு விற்கப் போகிறீர்களா? தை முதல் ஆவணி வரை செய்ய வேண்டிய வேலைகள்

எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் படியேறி உள்ளே வந்ததும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். தரை, சுவர், அடுப்படி எல்லாம் அப்புறம். செங்கோட்டை, பண்பொழி, புளியரை, இலஞ்சி என்று மலையடிவாரத்து ஊர்களுக்கு ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை சாரலாக வந்து சேர்கிறது. ஆனி தொடங்கி ஆவணி வரை சாரலும் காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. வருடத்தில் இரண்டு முறை நனைகிற வீடுகள் இவை. வீடு வாங்கக் கேரளத்தின் புனலூரிலிருந்தும் கொட்டாரக்கரையிலிருந்தும் வருகிறவர்கள் நம்மைவிட அதிகம் மழை பார்த்தவர்கள். சுவரில் இருக்கும் ஒரு பழுப்புக் கறையை வைத்தே தண்ணீர் எந்த இடத்தில் இறங்கியது என்று சொல்லிவிடுவார்கள்.

அப்பா காலமான பிறகு, எங்கள் ஓட்டு வீட்டை விற்பதற்காக நானும் தம்பியும் மாதக்கணக்கில் அதில் வேலை பார்த்தோம். தொடங்கியது தப்பான வழியில். மேற்குச் சுவரில் இருந்த கறை தெரியக்கூடாது என்று, பழைய சுண்ணாம்புச் சுவரின் மேலேயே எமல்ஷன் பெயின்ட் அடிக்கச் சொன்னோம். அது வைகாசி கடைசி. ஆனிச் சாரல் இரண்டு வாரம் அடித்ததும் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. வீடு பார்க்க வந்த ஒருவர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வரவும் இல்லை. அடுத்த தை மாதம் அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். தண்ணீரை நிறுத்துவதற்குச் செலவழித்தது விலையில் திரும்பி வந்தது. மறைப்பதற்குச் செலவழித்தது அப்படியே போயிற்று. கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த இரண்டாவது முறையில் நாங்கள் செய்ததும், அப்போது கற்றுக்கொண்டதும்தான்.

முதலில் காலக்கணக்கு

இந்த ஊர்களில் வீடு கைமாறுவதற்கு ஒரு பருவம் உண்டு. ஆடியில் நம் ஆட்கள் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். கேரளத்தில் அதே மாதம் கர்க்கடகம். அவர்களும் புதிய காரியம் எதையும் தொடங்குவதில்லை. ஆவணி பிறந்தால் அவர்களுக்குச் சிங்கம், மலையாள வருடப் பிறப்பு. ஓணத்தை ஒட்டி வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களும் ஊருக்கு வருகிறார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவெடுக்கிற நேரம் அதுதான். ஆகவே ஆவணியை மனதில் வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

தை, மாசி, பங்குனியில் கூரையும் சுவரும். சித்திரை, வைகாசியில் வெள்ளையடிப்பு, தரை, மின்சாரம், கிணறு. ஆனியில் மழை வந்ததும் நீங்களே வீட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆடி முழுவதும் ஆட்கள் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். சித்திரையில் கோடை மழை கொட்டினாலும் கொட்டும் என்பதால் கூரை வேலையைப் பங்குனிக்கு மேல் இழுக்காதீர்கள்.

பத்திர வேலையைக் கடைசிக்குத் தள்ளாமல் தை மாதமே தொடங்குங்கள். கொத்தனார் வேலையைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். விவரம் பின்னால் வருகிறது.

ஒரு நாள் முழுக்க வீட்டைப் பாருங்கள்

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்கள் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு நோட்டு, ஒரு சாக்பீஸ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் போதும்.

நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஒவ்வொரு அறையிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் ஓட்டுக்கு இடையில் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வருகிற இடத்தில் சாரலும் வரும். நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறியிடுங்கள். மேலே ஏறுகிறவருக்கு அந்தக் குறிதான் வழிகாட்டி.

அடுத்தது மரம். ஓட்டுக் கூரையைத் தாங்கும் கைமரம் சுவருக்குள் புகுந்து உட்காரும் முனையிலும், கதவு நிலையின் அடிப்பாகத்திலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் தடுக்கும். செத்த மரம் வழிவிடும். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆச்சியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் புறவாசலில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வருடம் கிணறு வற்றியது என்று எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. வாங்க வருகிறவரும் கட்டாயம் அவர்களிடம் கேட்பார். அவருக்குக் கிடைக்கப்போகும் பதில் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது.

குறித்துக்கொண்டதை மூன்றாகப் பிரியுங்கள்: தண்ணீர், ஆபத்து, தோற்றம். பணத்தையும் அதே வரிசையில் செலவழியுங்கள். கையில் இருப்பது முதல் இரண்டோடு தீர்ந்துவிட்டால் பரவாயில்லை. தோற்றத்தைச் சுத்தம் பார்த்துக்கொள்ளும்.

கூரை

இங்கே இரண்டு வகை ஓடு இருக்கிறது. ஒன்று நாட்டு ஓடு, மற்றது சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓடு. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவியது அது. நாட்டு ஓடு என்றால் ஒருமுறை முழுக்கப் பிரித்து, உடைந்ததைக் கழித்துத் திரும்ப அடுக்குவதுதான் ஒரே வழி. அங்கங்கே செருகுவது ஒரு மழை தாங்கும், அடுத்த மழைக்கு நகர்ந்துவிடும்.

சீமை ஓட்டில் அப்படி முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை. உடைந்ததை மட்டும் மாற்றலாம். ஆனால் எல்லா ஓடும் ஒன்றுபோல் இருக்காது. ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் தொழிற்சாலைப் பெயர் பதிந்திருக்கும். ஒரு தொழிற்சாலை ஓட்டின் வரிப்பள்ளம் இன்னொன்றோடு சரியாகக் கவ்வாது. கவ்வாத இடத்தில் காற்றோடு வரும் சாரல் மேல்நோக்கிக்கூட ஏறிவிடும். ஆகவே உங்கள் ஓட்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, பழைய வீடு இடிக்கிற இடங்களில் அதே பெயருள்ள ஓட்டைத் தேடுங்கள். புதிய ஓட்டைக் கலந்துதான் ஆக வேண்டும் என்றால் கிழக்குச் சரிவிலிருந்து பழைய ஓட்டைக் கழற்றி மேற்குச் சரிவுக்குக் கொண்டுபோய், புதியதைக் கிழக்கில் ஒரே பகுதியாகப் போடுங்கள். சாரல் அடிப்பது மேற்கில்தான். 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு என்று கணக்கு வைத்துக்கொண்டு, மாற்றத் தேவைப்படுவதைவிட 50 கூடுதலாக வாங்குங்கள்.

பிறகு ஓட்டில் ஏறும் முறை. ஓட்டின் நடுவில் மிதித்தால் ஒன்றைச் சரிசெய்யப் போய் நான்கு உடையும். பலகை விரித்து, ஓடு உட்காரும் சட்டமான ரீப்பர் இருக்கும் இடமாகப் பார்த்து மிதிக்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். எங்களுக்கு வேலை பார்த்த பெரியவர், “அண்ணாச்சி, பாசியைச் சுரண்ட வேண்டாம், வெயில்ல காயவச்சுத் தென்னந்துடைப்பத்தால தள்ளுங்க, போதும்” என்றார். அவர் சொன்னது சரி. கம்பி பிரஷும் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரமும் பழைய ஓட்டின் மேல்தோலை எடுத்துவிடும். தோல் போன ஓடு தண்ணீரை உறிஞ்சும். பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்துப் பழைய ஓட்டைப் புதிது மாதிரி காட்டுவதும் வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

முற்றம் வைத்த வீடுகளில் அதிகம் ஒழுகுவது ஓடே அல்ல. இரண்டு சரிவு சேரும் மூலைகளில் போட்டிருக்கும் தகரம்தான் ஒழுகும். துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும், இலை அடைத்திருந்தாலும் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். நாலு மூலைத் தகரத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கிற இடம் இல்லை இது. முகட்டு ஓட்டின் பூச்சு வெடித்திருந்தால் அதையும் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

பின்கட்டில் பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் தளம் பல வீடுகளில் உண்டு. தண்ணீர் வெளியேறும் குழாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே பாருங்கள். கசிந்தால் விரிசலை அகலமாக்கி அடைத்து, அதன் மேல் தட்டோடு (தட்டையான செங்கல் ஓடு) பதிப்பது நிலையான வைத்தியம். ஓட்டு வீடும் கான்கிரீட்டும் சேரும் இணைப்பை மட்டும் இரண்டு முறை பாருங்கள். அங்கேதான் இரண்டு கட்டடமும் வேறு வேறாக அசையும்.

சுவர்

சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் பூசக்கூடாது. மேலிருந்து இறங்கினால் கூரை. பக்கவாட்டில் வந்தால் சாரல். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. சந்தேகமாக இருந்தால் இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை.

நிலத்து ஈரத்துக்கு எங்கள் தெருவில் பொதுவான காரணம் ஒன்று உண்டு. சாலையை மேல் மேல் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீட்டின் அடித்தளம் மண்ணுக்குள் போய்விட்டது. சுவரை ஒட்டியிருக்கும் மண்ணை ஓரடி வெட்டி இறக்கி, தண்ணீர் சுவரை விட்டு வெளியே ஓடும்படி வாட்டம் கொடுத்ததிலேயே எங்கள் தெற்குச் சுவர் இரண்டு மாதத்தில் காய்ந்தது. செலவு இரண்டு ஆள் கூலி.

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. அது ஈரத்தை இழுத்து வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, சிமெண்டையும் தள்ளிவிட்டுப் பக்கத்துப் பூச்சையும் கெடுக்கும். ஒட்டுப்போடுவதும் சுண்ணாம்பிலேயே இருக்கட்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். பூசிய பிறகு சட்டென்று காயாமல் ஒரு வாரம் தினமும் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். சிமெண்டிலேயே வேலை பார்த்துப் பழகியவர்கள் இதற்குத் தயங்குவார்கள். வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், அலைச்சலுக்கு ஏற்ற பலன் இருக்கும்.

மேலே வெள்ளையடிப்பதும் சுண்ணாம்புதான். கல் சுண்ணாம்பை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியோ பசையோ சேர்த்து, மெல்லிசாக மூன்று தரம் அடியுங்கள். ஒரே தரத்தில் கெட்டியாக அடித்தால் பொடியாக உதிரும். சுண்ணாம்பு கொதிக்கும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. வெள்ளை போதும். கொஞ்சம் காவி கலந்து அடிப்பகுதியில் ஒரு பட்டை கொடுத்தால் மழைத் தெறிப்பு தெரியாது, பார்க்கவும் அழகாக இருக்கும்.

மரமும் கரையானும்

தேக்கு, பலா, அயனி என்று அந்தக் காலத்து மரம் இன்றைக்குக் கிடைக்காது. கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கதவையும் தூணையும் தொட்டுப் பார்த்தே விலை பேசுவார்கள். ஆகவே மரத்தின் மேல் எனாமல் பெயின்ட் அடித்து மூடாதீர்கள். ஏற்கெனவே அடித்திருந்தால் வாசல் கதவையும், தார்சா என்று நாங்கள் சொல்லும் முன் தாழ்வாரத்தின் தூண்களையும் மட்டுமாவது சுரண்டி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் கொடுங்கள். எங்கள் வாசல் கதவுக்கு ஆசாரி நாலு நாள் எடுத்துக்கொண்டார். வீட்டிலேயே அதிகம் பேசப்பட்ட பொருள் அந்தக் கதவுதான்.

உளுத்த கைமரத்துக்குப் பக்கத்தில் ஒட்டுக் கட்டை கொடுத்துச் சமாளிப்பதும் உண்டு. முனை மட்டும் போயிருந்தால் சரி. நடுவில் போயிருந்தால் மாற்றுங்கள். கரையான் மருந்து அடிப்பவர்கள் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்து ஊற்றுவார்கள். கிணறு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு முதலிலேயே காட்டி, அந்தப் பக்கம் துளை போடாமல் நிறுத்துங்கள். மருந்து அடித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வாங்குகிறவர் கேட்பார்.

தரை

பழைய காவித் தரை இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடாதீர்கள். நான் இதை எங்கள் உறவுக்காரர்களிடம் சண்டை போட்டே சொல்லியிருக்கிறேன். சிராய்ப்பையும் வெடிப்பையும் அதே காவி கலந்த சிமெண்டால் அடைத்து, தரையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தேங்காய் எண்ணெயை மிகக் கொஞ்சமாகத் துணியில் தொட்டு நாலைந்து நாள் தேய்த்தால் முகம் தெரியும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், தூசியும் ஒட்டும்.

அடுப்படி, கழிப்பறை

அடுப்படியில் புதிய அலமாரி, கருங்கல் மேடை என்று பெரிய செலவு வேண்டாம். வாங்குகிறவர் தன் விருப்பத்துக்குத்தான் மாற்றப்போகிறார். புகைக்கரியைச் சுரண்டி வெள்ளையடித்து, தண்ணீர் ஒழுகாத ஒரு தொட்டியும் குழாயும் வைத்தால் போதும்.

கழிப்பறை வேறு விஷயம். புறவாசலில் தனியாக நிற்கும் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டை, வயதானவர்கள் உள்ள குடும்பம் வாங்க யோசிக்கும். நீங்கள் ஒரே ஒரு புது வேலை செய்வதாக இருந்தால் வீட்டோடு ஒட்டிய ஒரு குளியலறை, கழிப்பறை கட்டுவதற்குச் செலவழியுங்கள். கழிவுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டராவது இடைவெளி இருப்பது நல்லது. வருகிறவர் அளந்து பார்ப்பார். உங்கள் அண்டை வீட்டாரின் கிணற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் கிணறும்

மரச் சட்டத்தில் ஆணி அடித்து ஓடும் பழைய வயரை அப்படியே விடாதீர்கள். ஓட்டு வீட்டில் எலி கடித்த வயர் ஒன்று போதும், கைமரம் முழுக்கப் பற்றிக்கொள்ள. புது வயர், நல்ல எர்த், மின்சாரம் அதிகமானால் துண்டிக்கும் எம்.சி.பி. பெட்டி, அதோடு மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஈரம் உள்ள ஊரில் இது உயிர் விஷயம்.

கிணற்றைப் பற்றி எங்களிடம் கேட்காத ஆளே இல்லை. கேரளக்காரர்கள் “கோடையில் வெள்ளம் உண்டா” என்று கேட்பார்கள். தண்ணீரைத்தான் சொல்கிறார்கள், பயப்பட வேண்டாம். சித்திரையில் நீர் மட்டத்தை அளந்து, தேதியோடு உள்சுவரில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவைத்தோம். அந்த ஒரு கோடு பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னது.

தூர் வாருவதற்குப் பழகிய ஆட்களை மட்டும் இறக்குங்கள். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் காற்று கெட்டிருக்கும். இறங்கும் முன் தண்ணீரை வாளியால் பலமுறை இறைத்தும் ஊற்றியும் காற்றைக் கலக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே இரண்டு பேர் இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது. வாரிய பிறகு ப்ளீச்சிங் பவுடர், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதையே அதால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 1.8 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் சுமார் 7,600 லிட்டர், 19 கிராம் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்புக் கசடு அடியில் படிந்ததும் மேல் நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

வீட்டைக் காலி செய்வது

இது கையைவிட மனதுக்குக் கஷ்டமான வேலை. அரங்கில் (சாமான் வைக்கும் உள்ளறையில்) இருந்த பெட்டிகள், பித்தளைப் பானைகள், ஆச்சியின் உரல், நாற்பது வருடத்துக் காலண்டர்கள். எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், தப்பான பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுவீர்கள். குடும்பத்தில் எல்லோரையும் ஒருமுறை வரவழைத்து, யாருக்கு எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதே சமயம் வீட்டை மொட்டையாகவும் விடக்கூடாது. தார்சாவில் ஒரு பெஞ்சு, பட்டாசாலையில் (கூடத்தில்) ஊஞ்சல், அடுப்படியில் நாலு பாத்திரம் இருக்கட்டும். அறை எவ்வளவு பெரிது என்று அளந்து பார்க்கக் கண்ணுக்கு ஒரு பொருள் வேண்டும். வாங்க வருகிறவர் எந்த மதத்துக்காரராகவும் இருக்கலாம் என்பதால், பூஜை அறையை எளிமையாக்கி, முன்னோர் படங்களை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு நெடி இருக்கும். வௌவால் எச்சமும் பழைய துணியும் சேர்ந்த நெடி. சென்ட் அடித்து மறைக்க முடியாது. துணி, மெத்தை, ஈரக் காகிதம் எல்லாவற்றையும் வெளியேற்றி, மச்சைக் கழுவி, ஒரு மாதம் தினமும் காலையிலிருந்து மாலை வரை ஜன்னலைத் திறந்து வைத்தால் தானாகப் போய்விடும். முடிந்தால் அந்த மாதம் குடும்பத்தில் ஒருவர் அங்கேயே தங்குங்கள். அடுப்பு எரிகிற வீட்டுக்கு ஒரு களை உண்டு.

வாஸ்துவுக்காக இப்போதே எதையும் இடிக்காதீர்கள். கேரளத்திலிருந்து வருகிறவர் வாஸ்துவுக்கான கோல் என்ற அளவில் வீட்டின் சுற்றளவு பார்க்க ஆளைக் கூட்டிக்கொண்டு வரலாம். அவர் சொல்வது உங்கள் ஊர்க்காரர் சொன்னதற்கு மாறாக இருக்கும். அது வாங்குகிறவர் செய்துகொள்ள வேண்டிய வேலை.

பத்திரங்கள்

செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பிறகு திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். ஆகவே ஒரே வீட்டுக்கான பத்திரங்களில் மூன்று விதமான முகவரி இருக்கும், குழப்பம் இல்லை. பெட்டியின் அடியில் கொல்லம் ஆண்டு போட்ட, மலையாள எழுத்தில் உள்ள பத்திரம்கூட இருக்கலாம். பழசு என்று எறிந்துவிடாதீர்கள். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதியாக இருந்தால் 824. உதாரணமாகக் கொல்லம் 1120 மேடம் என்பது 1945 சித்திரை. மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஆவண எழுத்தரிடம் கொடுத்துத் தமிழில் ஒரு படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேரளத்திலிருந்து வருகிறவர் “ஆதாரம் இருக்கிறதா” என்று கேட்டால் ஆதார் அட்டையை நீட்டாதீர்கள். அவர் கேட்பது கிரயப் பத்திரம். முன்னாதாரம் என்றால் தாய்ப்பத்திரம், அதாவது முந்தைய உரிமையாளர்களின் பத்திரம். கரம் கட்டிய ரசீது என்றால் வரி ரசீது.

ஒரு கோப்பில் இவை வரிசையாக இருக்கட்டும்: உங்கள் கிரயப் பத்திரத்தின் அசல், தாய்ப்பத்திரங்கள், குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட (நில அளவைப் படம்) நகல், வீட்டுவரி, தண்ணீர் வரி, மின் கட்டண ரசீதுகள். அப்பா பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும். பட்டாவில் எல்லா வாரிசுகளின் பெயரும் ஏறியிருக்கிறதா, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு அதிக நாள் எடுத்தது பட்டா மாற்றம்தான். பட்டாவில் பரப்பு ஏர் கணக்கில் இருக்கும். வாங்குகிறவர் சென்ட்டில் கேட்பார். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சர்வேயரை வைத்து ஒருமுறை அளந்து கல் நட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டாரையும் கூட நிற்கச் சொல்லுங்கள்.

உடன்பிறந்தவர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரத்தை இப்போதே தொடங்குங்கள். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். விற்பவரில் ஒருவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய வருமான வரி அதிகம். முன்கூட்டியே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆட்கள் வரும் நாள்

படம் எடுப்பது சுலபம். மழை ஓய்ந்த காலையில், வாசலிலிருந்து ஒன்று, மலை தெரியும்படி புறவாசலிலிருந்து ஒன்று, ஒவ்வொரு அறையின் மூலையில் நின்று ஒவ்வொன்று. பழுதுபார்க்கும்போது பிரித்த கூரையையும் படம் எடுத்து வைத்திருங்கள். அதைக் காட்டினால் நம்பிக்கை வரும்.

கூரை வேலை சரியாக முடிந்திருந்தால் மழை நாளிலேயே வரச் சொல்லுங்கள். ஆடிச் சாரலில், முற்றத்தில் தண்ணீர் விழும் சத்தத்தோடு, ஒரு சொட்டு உள்ளே வராமல் நிற்கிற வீட்டைப் பார்த்தவர் வேறு வீட்டோடு அதை ஒப்பிடவே மாட்டார். எங்கள் வீட்டை வாங்கியவர் அப்படி ஒரு மழையில், குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, தார்சாவில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

குறைகளை நீங்களே முதலில் சொல்லுங்கள். எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது, வருடங்களாக நகரவில்லை. அதைக் காட்டினோம். அவர் விலையில் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

விலை பேசும்போது அவர் பக்கத்துச் செலவையும் நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போடுவார். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் போனால், விற்பவர் இங்கேயே வசிப்பவராக இருந்தாலும், வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அட்வான்ஸ் உட்பட எதையும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. புரோக்கருக்கு எவ்வளவு என்பதை அவர் முதல் ஆளைக் கூட்டிவருவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள்.

சாவி கொடுக்கும் அன்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தக் குழாய் எங்கே போகிறது, கழிவுத் தொட்டியின் மூடி எங்கே புதைந்திருக்கிறது, எந்த மூலைத் தகரத்தில் மாமர இலை அடைக்கும், ஓட்டில் ஏறத் தெரிந்த பெரியவரை எங்கே பார்க்கலாம். மீந்த ஓட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நாங்கள் முப்பத்தெட்டு ஓட்டைப் புறவாசல் சுவரோரம் சாய்த்து அடுக்கி, மேலே ஒரு சாக்கை மூடி, எண்ணிக்கையை அந்தத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.